மலை நிஜம், வானம் யாருடையது?

கலிபோர்னியாவில் லோன் பைன் என்று ஒரு சிற்றூர். அதற்கு மேற்கே சியரா நெவாடா மலைத்தொடர் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. 1944-இல் ஒரு குளிர்கால விடியலில் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் அங்கே ஒரு படம் எடுத்தார். பின்னால் பனி மூடிய சிகரங்களில் வெயில் விழுகிறது. நடுவில் கன்னங்கரேலென்று ஒரு குன்று வரிசை. முன்னால் புல்வெளியில், ஒரு துண்டு வெளிச்சத்தில், ஒரு குதிரை மேய்ந்துகொண்டிருக்கிறது. நிலக்காட்சிப் படம் எடுக்கப் பழகும் எவரும் ஒருமுறையாவது பார்த்திருக்கக்கூடிய படம் இது.

அந்தக் கருங்குன்றில் உண்மையில் 'எல்', 'பி' என்று இரண்டு பெரிய ஆங்கில எழுத்துகள் இருந்தன. உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் பாறைகளுக்கு வெள்ளையடித்து ஊர்ப்பெயரின் முதலெழுத்துகளை அங்கே எழுதி வைத்திருந்தார்கள். ஆடம்ஸ் அவற்றை மறைத்துவிட்டார். இதற்காகச் சிலர் தன்னைக் குறை சொன்னதை அவரே பதிவு செய்திருக்கிறார். அந்தத் தழும்பை நிரந்தரமாக்கும் அளவுக்குத் தான் தூய்மைவாதி இல்லை என்பதுதான் அவர் சொன்ன பதில்.

இத்தனைக்கும் தூய்மை பேசிய குழுவிலிருந்து வந்தவர் அவர். 1932-இல் எட்வர்டு வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம் முதலானவர்களோடு சேர்ந்து 'எஃப்/64' குழுவைத் தொடங்கியவர். லென்ஸ் துளையின் மிகச் சிறிய அளவு ஒன்றின் பெயர் அது, அதில் எடுத்தால் படம் முழுக்கக் கூர்மையாக இருக்கும். ஓவியம் மாதிரி தெரியவேண்டும் என்பதற்காகப் படத்தை மங்கலாக்குவதும் தீற்றுவதும் வேண்டாம், லென்ஸுக்கு இருக்கும் கூர்மையே போதும் என்று வாதாடிய குழு அது. அப்படிப்பட்டவரே எழுத்தை அழித்தார் என்றால், "எடிட் பண்ணினதா, பண்ணாததா?" என்று நாம் இன்று ஒவ்வொரு மலைப் படத்துக்கும் கீழே கேட்கிற கேள்வியால் பெரிய பயன் இல்லை என்று எனக்குப் படுகிறது. கேட்கவேண்டியது வேறு. அதற்கு ஆடம்ஸின் இன்னொரு படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற ஊர் வழியாக அவர் காரில் திரும்பிக்கொண்டிருந்த மாலை அது. சாலையோரம் ஒரு சிறிய தேவாலயம், அதன் கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைச் சிலுவைகள், தூரத்தில் மேகமும் பனிமலையும், அதற்கு மேலே நிலா. பின்னாலிருந்து அடித்த கடைசி வெயிலில் சிலுவைகள் பளிச்சென்று நின்றன. வண்டியை நிறுத்தி, எட்டுக்குப் பத்து அங்குலப் பெரிய கேமராவை அவசரமாக நிறுத்தினால், ஒளியை அளக்கும் மீட்டரைக் காணோம். நிலாவின் ஒளி சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவில் இருந்தது. அதை வைத்து மனக்கணக்குப் போட்டு, எஃப்/32-இல் ஒரு விநாடி ஷட்டரைத் திறந்தார். இரண்டாவது ஒன்று எடுக்கலாம் என்று ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது. கையில் இருந்தது ஒரே ஒரு நெகட்டிவ்.

அந்த நெகட்டிவிலிருந்து நேராகப் போட்ட பிரிண்ட் சுமாராகத்தான் இருக்கும். வானம் சாம்பல் நிறத்தில், மெல்லிய மேகக் கீற்றுகளோடு. ஆடம்ஸ் இருட்டறையில் வானத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்துக் கருமையாக்கினார். புகைப்படக்காரர்கள் பர்னிங் என்று சொல்வது இதைத்தான். 1948-இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தில் நனைத்து, முன்காட்சியின் அடர்த்தியைக் கூட்டினார். ஆண்டுகள் போகப் போக அவர் போட்ட பிரிண்டுகளில் வானம் கறுத்துக்கொண்டே வந்தது. ஆரம்பகாலப் பிரிண்டையும் 1970-களின் பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் மாலை, இன்னொன்றில் நள்ளிரவு. பியானோ கலைஞராக வேண்டும் என்று பயின்ற மனிதர் அவர். நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு, பிரிண்ட் என்பது கச்சேரி என்று சொல்லி வந்தார். ஒரே கீர்த்தனையை ஒரே வித்வான் இருபது வயதில் பாடுவதும் எழுபதில் பாடுவதும் ஒன்றா என்ன?

சரி, இவ்வளவு மாற்றிய பிறகு அந்தப் படத்தில் உண்மை என்று ஏதாவது மிஞ்சியதா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வருகிறது. படம் எடுத்த தேதியை ஆடம்ஸ் குறித்து வைக்கவில்லை. வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு ஆண்டுகளைச் சொன்னார். பின்னால் வானியல் அறிந்தவர்கள் நிலாவின் உயரம், அதன் வடிவம், மலைமுகட்டிலிருந்து அது இருக்கும் இடம் எல்லாவற்றையும் அளந்து கணக்குப் போட்டார்கள். முதலில் 1941 அக்டோபர் 31 என்று வந்தது. அதைச் சரிபார்த்தபோது 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று முடிவானது. வானம் தார் மாதிரி கறுத்த பிரிண்டிலும் நிமிடம் அப்படியே இருந்தது. வெளிச்சத்தை எவ்வளவோ மாற்றினார். அந்த ஊருக்கும் அந்த நிலாவுக்கும் இடையே இருந்த உறவில் மட்டும் கைவைக்கவில்லை.

நிலக்காட்சிப் படத்தை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான். தமிழ் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்று வைத்தது. குறிஞ்சி என்றால் மலை மட்டும் போதாது, கூதிர் என்ற குளிர்காலமும் யாமம் என்ற நள்ளிரவும் கூடவே வரும். நிலக்காட்சிப் புகைப்படத்தில் மலையும் ஆறும் நிலம் என்றால், பொழுது இருப்பது வானத்தில். திருத்தம் இந்த இரண்டையும் எந்த அளவுக்குப் பிரிக்கிறது என்று பார்த்தாலே பாதி விவாதம் தெளிந்துவிடும்.

பிரித்து ஒட்டுவது ஃபோட்டோஷாப் கொண்டுவந்த வியாதி என்று பலர் நினைக்கிறார்கள். 1850-களிலேயே அது நடந்தது, அதற்குத் தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. அன்றைய கொலோடியன் தகடுகள், அதாவது ஒளி உணரும் ரசாயனம் பூசிய கண்ணாடிகள், நீல ஒளிக்கு மட்டும் அபாரமாக எதிர்வினை செய்யும், பச்சைக்கும் சிவப்புக்கும் மந்தம். நிலத்துக்குச் சரியாக எக்ஸ்போஷர் (தகட்டில் விழவிடும் ஒளியின் அளவு) கொடுத்தால் வானம் வெளுத்துப்போகும். வானத்துக்குக் கொடுத்தால் நிலம் இருண்டுவிடும். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1850-களின் பிற்பாதியில் கடல் படங்களுக்கு இரண்டு நெகட்டிவ்களைப் பயன்படுத்தினார். அலைக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று. அடிவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அலையையும் மேகத்தையும் ஒரே கணத்தில் பிடித்துவிட்டார் என்று நம்பியதும் அந்த வியப்பில் ஒரு பங்கு.

லெ கிரே என் அளவுகோலுக்கு ஒரு சிக்கல். அவர் நிலத்தையும் பொழுதையும் பிரித்தவர், ஆனாலும் அந்தப் படங்கள் அற்புதமானவை. மேகத்துக்குப் பின்னாலிருந்து வரும் ஒளி எங்கே விழவேண்டுமோ அங்கே கடல் மினுங்குகிறது, அந்தப் பொருத்தத்துக்காக அவர் பட்ட பாடு பிரிண்டில் தெரிகிறது. ஆகவே இரண்டு கணக்குகளைத் தனித்தனியாக வைக்கவேண்டியிருக்கிறது. படம் படமாக எவ்வளவு நல்லது என்பது ஒரு கணக்கு. அந்தக் கணத்தைப் பிடித்த சாதனை இன்னொரு கணக்கு. லெ கிரேவுக்கு முதலாவதில் முழு மதிப்பெண். இரண்டாவதில், அன்றைய பார்வையாளர்கள் அவருக்குக் கொடுத்த மதிப்பெண்ணில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

நம்மூர்க் கதையும் ஒன்று உண்டு. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு, 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். யானைமலை, வைகை, பெரிய கோயில் எல்லாம் அவர் படங்களில் இருக்கின்றன. அரசுக்கான ஆவணமாக எடுத்தவை அவை. தஞ்சைப் பெரிய கோயில் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து நீளமான ஒரே படமாக ஒட்டினார், ஆவணப்படுத்துவதில் அவ்வளவு கண்டிப்பு. அதே மனிதர்தான் தன் காகித நெகட்டிவ்களில் வண்ணத்தைத் தொட்டு, வெறிச்சென்று கிடந்த வானத்தில் மேகங்களை வரைந்தார், மொட்டையாகத் தெரிந்த மரங்களுக்கு இலை அடர்த்தி கொடுத்தார். கல்வெட்டு அவருக்கு ஆதாரம், மேகம் அலங்காரம். அந்தக் காலத்துக்கு அதில் முரண் தெரியவில்லை.

எதையும் தொடாமலும் பொய் சொல்லலாம். அமெரிக்க மேற்குப் பகுதியின் அரசு ஆய்வுப் பயணங்களோடு போன டிமதி ஓ'சல்லிவன், 1869-இல் யூட்டாவின் வீபர் பள்ளத்தாக்கில் சில பாறைகளைப் படமெடுத்தார். நூறாண்டுகளுக்கு மேல் கழித்து, 1970-களின் இறுதியில், புகைப்படக்காரர் மார்க் கிளெட்டும் அவருடைய குழுவினரும் அதே இடங்களுக்குப் போய் அதே கோணத்தில் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். சில இடங்களில் கேமராவைச் சாய்த்தால்தான் பழைய படம் கிடைத்தது. சாதாரணச் சரிவில் நிற்கும் பாறை, ஓ'சல்லிவன் படத்தில் இப்போதே உருண்டுவிடும் போல நிற்கிறது. இருட்டறை வேலை எதுவும் தேவைப்படவில்லை, முக்காலியின் ஒரு காலே போதுமாக இருந்தது.

டிஜிட்டல் கேமராவிலும் 'அப்படியே எடுத்தது' என்று ஒன்று கிடையாது. பெரும்பாலான கேமராக்களில், ஒளியை அளக்கும் சில்லான சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிற வடிகட்டி இருக்கிறது: பாதிப் புள்ளிகளில் பச்சை, கால்வாசியில் சிவப்பு, கால்வாசியில் நீலம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தைத்தான் அளக்கும், மீதி இரண்டும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிடப்படுபவை. ஆக, அப்படி எடுத்த வண்ணப் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிறத் தகவல் ஊகம். சென்சார் அளந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலைத் திறந்தால் வெளிறி, சோர்ந்துபோய்க் கிடக்கும். அதற்கு உயிர் கொடுக்கிறவர் நீங்களாக இருக்கலாம், அல்லது கேமராவுக்குள் இருக்கும் நிரலை எழுதிய யாரோ ஒருவராக இருக்கலாம். "நான் எடிட் செய்வதே இல்லை, கேமராவே முடித்துத் தரும் ஜேபெக் படத்தை அப்படியே போடுகிறேன்" என்பவர் அந்த வேலையை இன்னொருவரிடம் விட்டுவிட்டார், அவ்வளவுதான். ஃபிலிம் காலம் யோக்கியமானது என்பதும் பாதி நினைவுதான். 1990-இல் வந்த ஃப்யூஜி வெல்வியா ஃபிலிமில் எடுத்தால் புல் எல்லாம் மரகதம், அந்தி எல்லாம் நெருப்பு. நிலக்காட்சிக்காரர்கள் அதை விரும்பி வாங்கியதே அதற்காகத்தான்.

இனி மறுகோடி. டுசல்டார்ஃப் அருகே ரைன் நதியை ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி எடுத்த 'ரைன் 2' படம் 1999-இல் வந்தது. சாம்பல் வானம், சாம்பல் நீர், பச்சைப் புல்பட்டைகள், ஒரு பாதை. எல்லாம் கிடைமட்டக் கோடுகள். அக்கரையில் இருந்த தொழிற்சாலைக் கட்டடத்தையும், நாயோடு நடந்தவர்களையும் அவர் கணினியில் எடுத்துவிட்டார். 2011 நவம்பரில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதுவரை எந்தப் புகைப்படமும் ஏலத்தில் அந்த விலைக்குப் போனதில்லை. விலை கலைக்கு அளவுகோல் ஆகாது. அந்தப் படம் நல்ல கலை என்று நான் சொல்வதற்குக் காரணம், அழித்ததும் படத்தின் சிந்தனையின் ஒரு பகுதி என்பது. மனிதன் வெட்டி நேராக்கிய நதி அது. அதிலிருந்து மனிதத் தடயங்களையும் எடுத்துவிட்டால் மிஞ்சும் வெறுமையைப் பெரிய சுவர் அளவுக்குக் காட்டுகிறார். அந்தக் காட்சி ஒரு நாள் காலையில் தன் கண்ணுக்கு அகப்பட்டது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. சாதனைக் கணக்கில் அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை, நாமும் அங்கே எதையும் கழிக்கவேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான நிகழ்வு 2012-இல் இங்கிலாந்தில். அந்த ஆண்டின் சிறந்த நிலக்காட்சிப் புகைப்படக்காரருக்கான போட்டி, முதல் பரிசு 10,000 பவுண்டு. லிண்டிஸ்ஃபார்ன் தீவில் கவிழ்த்து வைத்த படகுகளும் பின்னால் கோட்டையும் உள்ள கறுப்பு வெள்ளைப் படம் அதை வென்றது. சில நாட்களில் மற்றப் புகைப்படக்காரர்கள் அதில் இருந்த கைவேலையைச் சுட்டிக்காட்டினார்கள். எடுத்தவரும் மேகங்களைச் சேர்த்ததை ஒப்புக்கொண்டார், விதிகளைப் படிக்கவில்லை என்றார். பரிசு திரும்பப் பெறப்பட்டது. கவனிக்கவேண்டியது அந்த விதி. பல எக்ஸ்போஷர்களைச் சேர்ப்பது, பல படங்களை ஒட்டி அகலக் காட்சியாக்குவது எல்லாம் அதில் அனுமதி. வேலியை நீக்குவது, மரத்தை நகர்த்துவது, வேறு படத்து வானத்தைக் கொண்டுவந்து வைப்பது கூடாது. இந்தத் தடை இல்லாத இன்னொரு பிரிவும் அதே போட்டியில் இருந்தது. அங்கே அனுப்பியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வானத்தை மாற்றுவதற்கு அன்று கொஞ்சமாவது வேலை தெரியவேண்டும். 2020 அக்டோபரில் ஃபோட்டோஷாப்பிலேயே அதற்கென்று ஒரு கட்டளை வந்துவிட்டது. வேறு மென்பொருள்களில் அதற்கு முன்பே இருந்தது. மரக்கிளை இடுக்கு உட்பட எல்லாவற்றையும் தானே வெட்டி, நிலத்தின் நிறத்தையும் கொஞ்சம் மாற்றிக் கொடுத்துவிடும். அதனால் எங்கு பார்த்தாலும் ஒரே ஊதா அந்தி. இதை எதிர்ப்பதற்கு ஒழுக்கத்தைவிட ரசனையே எனக்கு முதல் காரணம். மலைச்சரிவில் விழும் நிழல் மிருதுவாக இருந்தால் அன்று வானம் மூடியிருந்தது என்று அர்த்தம். அதற்கு மேலே கனல் மாதிரி அந்தியை வைத்தால், ஏரி நீரும் ஈரப் பாறையும் தேயிலை இலையின் முதுகும் அதற்குப் பதில் சொல்லாமல் கிடக்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் படம் மனதில் ஒட்டாது.

நிலாவை வைத்து ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரி. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள முழு அளவு சென்சாரில் அதன் பிம்பம், லென்ஸின் குவியத் தூரத்தில் (லென்ஸின் மேல் எம்எம் என்று போட்டிருக்கும் எண்) ஏறத்தாழ 110-இல் ஒரு பங்கு. 24 எம்எம் லென்ஸில் பார்த்தால் 0.22 மில்லிமீட்டர். படம் 6,000 பிக்சல் அகலம் என்றால் அதில் நிலாவுக்குக் கிடைப்பது வெறும் 36 பிக்சல். 400 எம்எம் லென்ஸ் போட்டால்தான் படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு வரும். ஆக, பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து தெரிகிற படத்தில் அண்டா அளவுக்கு நிலா இருந்தால், இரண்டும் வேறு வேறு லென்ஸில் எடுத்தவை. அதேபோல, பௌர்ணமி நிலா சூரியனுக்கு எதிர்த் திசையில்தான் இருக்கும், மறையும் சூரியனுக்குப் பக்கத்தில் அது வரவே முடியாது. பிறைக்கு நடுவில் நட்சத்திரம் தெரிகிற படங்களையும் பார்த்திருக்கிறேன். நிலாவின் இருண்ட பாதியும் நிலாதான், அதை ஊடுருவி எந்த நட்சத்திரமும் தெரியாது. இவற்றை எடுத்தவர்களுக்குக் காட்சி வேண்டியிருந்தது, வானத்தைப் பற்றிய அக்கறை இல்லை. அந்த அக்கறை இல்லாதவர் நிலத்தையும் அப்படித்தான் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றிவிடுகிறது.

"கலைதானே, எதற்கு இவ்வளவு கண்டிப்பு?" என்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சொல்வேன். ஃபிராங்க்ளின் நதியின் குறுக்கே நீர்மின் அணை கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். சாலையில்லாத காட்டுக்குள் ஓடும் அந்த நதியைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். பீட்டர் டாம்ப்ரோவ்ஸ்கிஸ் என்ற புகைப்படக்காரர் அதன் ஒரு வளைவில், காலை மூடுபனியில், பாறைத் திட்டைச் சுற்றி நீர் புகையாக ஓடும் படத்தை எடுத்திருந்தார். 1983 மார்ச் தேர்தலுக்கு முன் அந்தப் படம் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரமாக வந்தது. இதை அழிக்கப்போகும் கட்சிக்கா ஓட்டு என்பது அதனோடு வந்த கேள்வி. அணையை எதிர்த்த தொழிற்கட்சி வென்றது. ஜூலையில் உயர் நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் அணைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. புகைப்படம் ஒன்றால் மட்டும் அது நடந்துவிடவில்லை, பெரிய மறியல் போராட்டமே நடந்தது. ஆனாலும் நதியை நேரில் காணாத லட்சக்கணக்கானோருக்கு நதி என்றால் அந்தப் படம்தான்.

நீர் அதில் புகை மாதிரி இருப்பது நீண்ட எக்ஸ்போஷரால், எந்தக் கண்ணும் அப்படிப் பார்த்ததில்லை. அது யாரையும் உறுத்தவில்லை. அந்த மூடுபனியை வேறொரு நதியிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார் என்று தேர்தல் சமயத்தில் வெளியே வந்திருந்தால்? படத்தின் அழகு ஒரு துளியும் குறைந்திருக்காது, சாட்சி மட்டும் செத்திருக்கும். அணை கட்ட வந்தவர்கள் அந்த ஒரு பிழையை வைத்தே மொத்த நதியையும் கட்டுக்கதை ஆக்கியிருப்பார்கள். பத்திரிகைகளுக்கும் இதே கதிதான். 1982 பிப்ரவரி நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் கீசா பிரமிடுகளை, செங்குத்தான அட்டைக்குள் அடங்கவேண்டும் என்பதற்காகக் கணினியில் நெருக்கி வைத்தார்கள். நாற்பதாண்டு தாண்டியும் அந்தப் பேச்சு அவர்களை விடவில்லை.

போட்டி நடத்துபவர்கள் இப்போது ரா ஃபைலைக் கேட்கிறார்கள். 2021-இல் தொடங்கிய இயற்கை நிலக்காட்சிப் புகைப்பட விருதுகள் இதற்காகவே உருவானவை, தேர்வாகும் படங்களை ரா ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 2023-இல் வந்த லைக்கா எம்11-பி கேமரா, படம் எடுக்கும்போதே டிஜிட்டல் முத்திரை குத்துகிறது. பிறகு செய்யும் திருத்தங்களையும் அதோடு சேர்த்துப் பதிந்துவைக்க வழியுண்டு. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் நாம் நாள்தோறும் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை போனில் எடுத்தவை. அங்கே கதை தலைகீழ். அதே 2023-இல் ஒருவர், வேண்டுமென்றே கலங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்துப் பிரபலமான ஒரு போனால் எடுத்துப் பார்த்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் போன் எடுத்த படத்தில் வந்திருந்தன. எடுத்தவர் எதையும் ஒட்டவில்லை. ஒட்டியது கருவி, அவரைக் கேட்காமலேயே.

ஆகவே, சோதனைகளைவிட எடுத்தவர் எழுதும் ஒரு வரிக் குறிப்பையே நான் அதிகம் நம்புகிறேன். வானம் வேறு நாளுடையது என்று எழுதினால் லைக் குறையும் என்று பலர் தயங்குவது எனக்குத் தெரியும். குறையத்தான் செய்யும், ஏனென்றால் அந்த லைக்கில் பாதி அவர் அங்கே நின்று அதைக் கண்டார் என்பதற்காக விழுந்தது. இரவு வானத்தைப் படமெடுப்பவர்கள் இந்தத் தயக்கத்தை எப்போதோ தாண்டிவிட்டார்கள். பால்வீதிக்கும் பாறைக்கும் ஒரே எக்ஸ்போஷர் போதாது என்பதால் அவர்களில் பலர் வெளிப்படையாகவே எழுதிவிடுகிறார்கள்: முன்காட்சி அந்தி மங்கும் நேரத்தில் எடுத்தது, வானம் அதே இரவு மூன்று மணி நேரம் கழித்து, கேமரா நகர்த்தப்படவில்லை. அதைப் படித்துவிட்டு அந்தப் படத்தைக் குறைவாக மதித்த யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.